சிரிப்பும் இழப்பும் ஒரே கேமில்: கதையின் தொனியைச் சமன்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் வார இறுதி நாட்களில், கதை சார்ந்த வீடியோ கேம் எழுதப் பழகும் கல்லூரி மாணவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். அவர்கள் கொண்டுவரும் வரைவுகளில் சிரிக்கவைக்கும் காட்சி தனியாகப் படித்தால் நன்றாக இருக்கும். கலங்கவைக்கும் காட்சியும் தனியாகப் படித்தால் நன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒரே கேமில் வைத்து விளையாடக் கொடுத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். எழுதத் தெரியாததால் இது நேர்வதில்லை. எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு எழுதுவது என்ற வரிசை பிசகுவதால் நேர்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியைப் படிகளின் வரிசைப்படி அமைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் எழுதிவரும் சிறிய கேம் ஒன்றையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக் கிராமம் அதன் களம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த இரவிலும், அதற்கு முந்தைய சில நாட்களிலும், கருமாதி வரையிலான அடுத்த பதினாறு நாட்களிலும் கதை நடக்கிறது. விளையாடுபவர் ஏற்கும் பாத்திரம் பதினொரு வயதுச் சிறுவன். அவனிடம் ஓர் ஆட்டுக்குட்டி இருக்கிறது. புயல் இரவில் சுவர் இடிந்து தாத்தா இறந்துபோகிறார். விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கதையின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு தெரியாமல் எழுதத் தொடங்குபவர், சோர்வு தட்டும் இடத்தில் எல்லாம் ஒரு நகைச்சுவையைச் செருகுவார். அந்த நகைச்சுவை கதைக்குத் தேவைப்பட்டு வந்திருக்காது, எழுதியவரின் அலுப்பைப் போக்க வந்திருக்கும்.

ட்வைன் அல்லது இங்க் போன்ற, கிளைக்கதை எழுத உதவும் கருவி ஒன்று வேண்டும். படமும் ஒலியும் சேர்க்கும் முன்பே வெறும் எழுத்தாகக் கதையை விளையாடிப் பார்க்க இது உதவும். கூடவே ஒரு விரிதாள் வேண்டும். காட்சிகளின் பட்டியலை அதில்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

தமிழில் எழுதுவதானால் எஞ்சினில், அதாவது கேமை உருவாக்கும் மென்பொருளில், தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். யூனிட்டி எஞ்சினில் எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் கூடுதல் ஏற்பாடு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைந்து வரும். 2023இல் வெளியான கோடோ 4 எஞ்சினில் இந்தச் சிக்கல் இல்லை. எழுத்துச் சிக்கலைத் தொனி பற்றிய வழிகாட்டியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரணச் செய்தி உடைந்த எழுத்தில் வந்தால் விளையாடுபவர் சிரித்துவிடுவார். அதற்குப் பிறகு எந்த வசனத்தாலும் அந்தக் காட்சியைக் காப்பாற்ற முடியாது.

கதையைப் பற்றி எதுவுமே கேள்விப்படாத மூன்று பேரையும் இப்போதே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கான வேலை கடைசியில் வரும்.

2. இருட்டின் மையத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், எதை, எப்போது இழக்கிறார் என்பது ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். என் கேமுக்கு எழுதி வைத்த வாக்கியம் இது: "தோப்பும் தாத்தாவும் ஒரே இரவில் போய்விட, சித்தப்பா மரங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறார்."

இதை முதல் வேலையாக வைப்பதற்குக் காரணம், எந்த நகைச்சுவை கதைக்குள் இருக்கலாம் என்பதை இந்த வாக்கியமே தீர்மானிக்கும் என்பதுதான். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் 'கதை இருட்டானது' என்று மட்டும் குறித்துக்கொண்டு, மழை, இரத்தம், அழுகை என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இருட்டு என்பது அவ்வளவு பொதுவாக இருந்தால் அதற்கு எதிரே எந்த வெளிச்சத்தை வைப்பது என்பதும் தெரியாது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை, அதாவது அது பிறக்கும் இடங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமதிக்கப்படுதல், இழத்தல், முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என்று இவற்றைப் புரிந்துகொள்ளலாம். உங்கள் வாக்கியம் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். சிறுவனுக்கு நேர்ந்தது இழவு. நூற்றுப் பன்னிரண்டு மரத்துக்குச் சொந்தக்காரராக இருந்து மூன்று மரத்துக்கு வந்து நிற்கும் சித்தப்பாவுக்கு நேர்ந்தது அசைவு. இருவருக்கும் ஒரே மாதிரியான அழுகைக் காட்சியை எழுதிவைத்திருந்த என் முதல் வரைவு ஏன் தட்டையாக இருந்தது என்பது, இப்படிப் பிரித்து எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

3. எந்த வகைச் சிரிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அதே மெய்ப்பாட்டியல் நகைக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஏளனத்தால் வருவது எள்ளல். சிறுபிள்ளைத்தனத்தால் வருவது இளமை. அறியாமையால் வருவது பேதைமை. ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்த பிடி விடாமல் கடைசி வரை செய்துகொண்டிருப்பது மடன். பழைய இலக்கணம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். காட்சிப் பட்டியலில் ஒரு தனி நெடுவரிசையாக இதைச் சேர்த்துக்கொண்டால் உடனடியாகப் பயன்படும்.

உங்கள் வரைவில் உள்ள ஒவ்வொரு வேடிக்கையான வரிக்கும் எதிரே இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள். புதியவர்களின் வரைவில் பத்துக்கு எட்டு எள்ளலாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யூடியூபிலும் வாட்ஸாப்பிலும் நாம் அதிகம் பழகிய சிரிப்பு அதுதான். ஆனால் துயரத்துக்கு மிக அருகில் வைக்கக்கூடாத சிரிப்பும் அதுதான். ஒருவரைக் கேலி செய்து சிரிக்கவைத்துவிட்டு, அடுத்த காட்சியில் அவருக்காக அழச் சொன்னால் விளையாடுபவரின் மனம் உடனே திரும்பிவிடாது.

மற்ற மூன்றும் துயரத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றில் மடன் மிக வலிமையானது. 2000ஆம் ஆண்டில் வெளியான மேஜோராஸ் மாஸ்க் கேமில் ஒரு தபால்காரர் வருவார். மூன்று நாளில் நிலா விழுந்து ஊரே அழியப்போகும் நிலையிலும் அவர் தம் கால அட்டவணையை விடுவதில்லை. முதல் நாள் அது வேடிக்கை. கடைசி இரவில், தப்பியோட மனம் துடித்தும் அட்டவணையில் அது இல்லையே என்று தவித்து நிற்கும்போது, அதே குணம் நெஞ்சை அடைக்கிறது. புதிதாக எதையும் சேர்க்காமல், சூழ்நிலையை மட்டும் மாற்றி இது சாதிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வேடிக்கைக் குணத்தையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்: கதையின் மிக மோசமான நாளிலும் இவர் இதையே செய்தால் என்ன ஆகும்? விடை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குணம் மேலே ஒட்டியது, எடுத்துவிடலாம்.

4. காமெடிக்கென்று ஒருவரைத் தனியாக வைக்காதீர்கள்

எல்லாச் சிரிப்பையும் ஒரே கதாபாத்திரத்தின் தலையில் ஏற்றினால், அவர் திரையில் வந்தவுடன் 'இனிச் சிரிக்க வேண்டும்' என்ற அறிவிப்பாகவே அவர் ஆகிவிடுகிறார். பிறகு துயரக் காட்சியில் அவரை நிறுத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது.

அப்படி ஒருவர் வேண்டும் என்றால் எப்போது அவர் வர வேண்டும் என்பதற்கு மெலட்டூர் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகத்தில் விடை இருக்கிறது. கோணங்கி என்ற கோமாளி தொடக்கத்திலேயே வந்து ஆடிவிட்டுப் போய்விடுவார். கூட்டத்தை உட்காரவைத்து, அதன் கவனத்தை ஒருமுகப்படுத்துவது அவருடைய வேலை. பிரகலாதன் கதையில் தூண் பிளந்து நரசிம்மர் வரும் நேரத்தில் அவருக்கு அங்கே இடம் கிடையாது. கேமில் நகரவும் பொருள் எடுக்கவும் கற்றுக்கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தில் இத்தகைய கலகலப்பு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அந்த நேரத்தில் விளையாடுபவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் எரிச்சலாக மாறாமல் சிரிப்பாகக் கழிந்துவிடும்.

மற்றபடி, சிரிப்பை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள். இறந்துபோகப்போகும் தாத்தாவுக்குத்தான் என் கேமில் மிக அதிகமான வேடிக்கை இருக்கிறது. அவர் அப்பாயிக்கு, அதாவது சிறுவனின் பாட்டிக்குத் தெரியாமல் பீடி ஒளித்துவைப்பார். பேரனைக் காவலுக்கு நிறுத்துவார். காலை எழுந்தால் ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டே இருப்பார். விளையாடுபவர் அவரோடு கூட்டாளியாகிவிடுகிறார். போவது கூட்டாளியாக இருந்தால்தான் அந்த இடம் வெற்றிடமாகத் தெரியும்.

5. காட்சிகளுக்கு எடை போடுங்கள்

இப்போது விரிதாளைத் திறந்து எல்லாக் காட்சிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஓர் எடை கொடுங்கள். 0 என்றால் விளையாட்டுத்தனம், 4 என்றால் தாங்க முடியாத கனம். சரியாகத்தான் போடுகிறோமா என்று நெடுநேரம் யோசிக்க வேண்டாம். தோன்றிய எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள்.

எடை 4 கொண்ட இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது காட்சி வீண். மனம் முதலிலேயே தன்னை மூடிக்கொண்டிருக்கும். அதேபோல 4க்கு அடுத்து 0 வந்தால், எழுதியவருக்கே அந்தத் துயரத்தில் நம்பிக்கை இல்லை என்ற எண்ணம் வரும். 4க்குப் பிறகு 2, பிறகு 1 என்று படிப்படியாக இறங்குவதற்கு இடம் விடுங்கள். ஏறும்போது இவ்வளவு கவனம் தேவையில்லை. 0இலிருந்து 4க்குச் சட்டென்று போகலாம், புயலும் அப்படித்தான் வந்தது.

இறங்கும் படிகளுக்குக் கதையை நிறுத்தத் தேவையில்லை. 2018இல் வந்த காட் ஆஃப் வார் கேமில் படகில் போகும்போதுதான் பழங்கதைகளும் சீண்டல் பேச்சுகளும் நடக்கும். கரை தட்டியதும் கதை பாதியில் நிற்கும், மறுபடி படகேறினால் தொடரும். பயணத்தைச் சிரிப்புக்கும் கரையைச் சண்டைக்கும் ஒதுக்கிவிட்டதால், எங்கே மூச்சு விடலாம் என்பதை விளையாடுபவர் கற்றுக்கொண்டுவிடுகிறார். நம் ஊர்க் கதையில் வாய்க்கால் கரை நடை, டவுன் பஸ், கேரியரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும் சைக்கிள் ஆகியவை இந்த வேலையைச் செய்யும்.

6. தொனியை இடத்தோடு கட்டிவையுங்கள்

டெல்டாக் கிராமங்களில் உடலை இரவு முழுவதும் வைத்திருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளே கூடத்தில் ஒப்பாரி. வாசல் பந்தலில் விழித்திருக்க வந்தவர்களின் சீட்டாட்டம். போனவர் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிப்பதும் அங்கேயே நடக்கும். ஒருவரும் மற்றவரை அவமதித்ததாக நினைப்பதில்லை, ஏனென்றால் இரண்டும் நடக்கும் இடம் வேறு. வாசலில் இருப்பவர் உள்ளே போகும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிலைப்படியைத் தாண்டுவார்.

கேமுக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை. வாசல், நிலைப்படி, கூடம் என்ற மூன்றையும் தனித்தனி இடமாக வைத்தேன். நிலைப்படியில் நடையின் வேகம் குறையும், பந்தலின் பேச்சு மங்கும், சிறுவன் ஆட்டுக்குட்டியைக் கீழே இறக்கிவிடுவான். எதையும் எழுதிக் காட்டாமலேயே, தாம் எங்கே நுழைகிறோம் என்பது விளையாடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால், அவற்றை ஒரே வசனத்தில் கலக்காமல் ஒரே வீட்டில் வைத்துவிட்டு, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை விளையாடுபவரிடம் விட்டுவிடுங்கள்.

7. விளையாடுபவரின் கையைக் கவனியுங்கள்

சினிமாவுக்கு எழுதியவர்களும் சிறுகதை எழுதியவர்களும் கேமுக்கு வந்ததும் தடுக்கி விழும் இடம் இது. சினிமாவில் எந்தக் காட்சி எப்போது வரும் என்பது எழுதியவர் கையில். கேமில் பாதி உங்கள் கையில், பாதி விளையாடுபவர் கையில். அவர் எந்த நேரத்திலும் ஓடலாம், குதிக்கலாம், பையைத் திறக்கலாம், முக்கியக் கதைக்கு வெளியே பாதியில் விட்ட ஏதாவது கிளை வேலைக்குப் போகலாம்.

என் வரைவில் நடந்ததைச் சொல்கிறேன். புயல் ஓய்ந்த காலையில் சித்தப்பா விழுந்த தோப்பின் நடுவே நிற்கிறார். அருகில் போய்ப் பேசினால், திரும்பிப் பார்க்காமல், "நூத்திப் பன்னெண்டு மரம். மூணுதான் நிக்கிது" என்பார். சோதித்துப் பார்த்த மாணவர் அந்த வரி திரையில் இருக்கும்போதே பழக்கத்தில் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டார். அது ஆட்டுக்குட்டியைக் கத்தவைக்கும் பொத்தான். "மூணுதான் நிக்கிது" என்பதன் மேல் "மே" என்று விழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததற்காக உடனே வருந்தவும் செய்தார். பிழை என்னுடையது. அந்தப் பொத்தானை வேடிக்கைக்காகக் கொடுத்தவன் நான்தான். எப்போது அது வேடிக்கையாக இருக்கக்கூடாது என்று யோசிக்காமல் விட்டவனும் நான்தான்.

இதற்குப் புதியவர்கள் முதலில் சொல்லும் தீர்வு, பொத்தான்களையெல்லாம் செயலிழக்கச் செய்து அந்தக் காட்சியைப் படம்போல் ஓடவிடுவது. அதைத் தவிர்க்கச் சொல்வேன். கை சும்மா இருந்தால் விளையாடுபவர் பார்வையாளராகிவிடுகிறார். பக்கத்தில் இருக்கும் போனை எடுத்துவிடுகிறார். பொத்தானை விட்டுவையுங்கள், அது செய்யும் செயலை மாற்றுங்கள். ஐந்தாம் படியில் போட்ட எடையை ஒரு மாறியாக, அதாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் எண்ணாக, உள்ளே கொண்டுவந்தேன். எடை 3ஐத் தொட்டால் அதே பொத்தானுக்குக் குட்டி கத்தாது. சிறுவன் அதைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொள்வான். மீண்டும் அழுத்தினால் இன்னும் இறுக்கிக்கொள்வான். அடுத்த முறை விளையாடிய மாணவி அந்த இடத்தில் அதை ஐந்தாறு முறை அழுத்திக்கொண்டே சித்தப்பாவின் அருகில் நின்றிருந்தார்.

ஓடுவதை நடையாகவும், குதிப்பதை நின்று நிமிர்ந்து பார்ப்பதாகவும் மாற்றலாம். எது மாறினாலும் விளையாடுபவரின் விரலுக்கு ஏதாவது ஒரு பதில் கிடைக்க வேண்டும்.

கிளை வேலைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. டீக்கடைக்காரரின் கோழிகளைப் பிடித்துக் கூட்டில் அடைக்கும் வேலை என் கேமில் இருக்கிறது, எடை 0. தாத்தாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கும் மாலையிலும் அந்த வேலை திறந்தே இருந்தது. அப்போது போய்ப் பேசினால், டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கோழியைப் பிடிக்கச் சொன்னார். ஒரு நல்ல மனிதர் ஒரு நொடியில் ஈரமற்றவராகிவிட்டார்.

இத்தகைய வேலைகளை அந்த நேரத்தில் பூட்டிவைப்பது எளிது. மாற்றி எழுதுவது நல்லது. இப்போது அந்த மாலையில் போனால் அவர், "கோழி கெடக்குது, அதுவா வந்து அடையும். நீ வீட்டுக்குப் போ தம்பி" என்கிறார். இந்த ஒரு வரி, ஊரே துக்கத்தில் இருக்கிறது என்பதை நான் எழுதி நீக்கிய இரண்டு பக்க வசனத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பட்டியலில் எடை 0 அல்லது 1 கொண்ட ஒவ்வொரு கிளை வேலைக்கும், எடை 4 நேரத்தில் ஒருவர் இதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிவைப்பது கட்டாயம்.

8. இழப்புக்குப் பிறகு முதலில் யார் சிரிக்கலாம்

இதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: மிக அதிகமாக இழந்தவர்தான் முதலில் சிரிக்க வேண்டும். வேறு யார் முதலில் சிரித்தாலும் அது எழுதியவரின் அவசரமாகத் தெரியும்.

ஒன்பதாம் நாள், அப்பாயி அரிசிப் பானைக்குள் கைவிட்டு அளக்கும்போது பீடிக்கட்டு ஒன்று வருகிறது. சிறிது நேரம் அதையே பார்க்கிறார். "இதுக்குள்ளயா வச்சிருந்தாரு? நான் பரண்ல தேடிக்கிட்டு இருந்தேன் ராசா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். தொடக்கத்தில் தாத்தாவுக்காகக் காவல் நின்றது நினைவுக்கு வந்து விளையாடுபவரும் சிரிக்கிறார். அதன் பிறகுதான் ஊரில் மற்றவர்களின் வேடிக்கைப் பேச்சுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. புயலுக்குப் பிறகு இந்தக் காட்சி வரும் வரை யார் பேச்சிலும் எடை 2க்குக் கீழே எதுவும் வராதபடி பூட்டியிருக்கிறேன். பந்தலில் சீட்டாடுபவர்களின் பேச்சு மட்டும் விதிவிலக்கு, அதுவும் சிறுவன் காதில் விழும் பேச்சுதான், அவனோடு பேசும் பேச்சில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, அப்பாயியின் சிரிப்பை உடனே அழுகையாக மாற்றுவது. நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். சிரிப்பைச் சிரிப்பாகவே விட்டுவிட்டால், அழுவதா வேண்டாமா என்பதை விளையாடுபவர் பார்த்துக்கொள்வார்.

9. சிறிய எழுத்துகளைச் சரிபாருங்கள்

வசனத்தில் காட்டும் கவனத்தைப் பொருள் விளக்கம், பொத்தானின் பெயர், பாராட்டுச் சின்னம் ஆகியவற்றில் பலர் காட்டுவதில்லை. தொனி உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு மாணவரின் கேமில் தாய் கண்ணை மூடும் நொடியில், திரையின் மூலையில் 'முதல் அத்தியாய வீரர்' என்ற சின்னம் மணியடித்துக்கொண்டு வந்தது. எடை 3க்கு மேல் இருக்கும்போது இவற்றையெல்லாம் நிறுத்திவைத்து, அடுத்த அமைதியான இடத்தில் காட்டுங்கள்.

பொருள் விளக்கத்தை ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். திண்ணையில் கிடக்கும் தாத்தாவின் செருப்பைத் தொட்டால், முதல் நாட்களில் இப்படி வரும்: "ஒரு கால்தான் இருக்கிறது. இன்னொன்றைத் தாத்தா தேடிக்கொண்டிருப்பார்." புயலுக்குப் பிறகு தொட்டால், "இரண்டு காலும் இங்கேயே இருக்கின்றன" என்று வரும். முதல் வரி வேடிக்கையாக இல்லாதிருந்தால் இரண்டாவது வரிக்கு எந்தக் கனமும் இருந்திருக்காது. இதை எல்லாப் பொருளுக்கும் செய்யத் தொடங்காதீர்கள். ஒரு கேமுக்கு இரண்டு மூன்று போதும். அதிகமானால், விளையாடுபவர் எதைத் தொட்டாலும் கண்ணீரை எதிர்பார்ப்பார்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சுப்போல் தோன்றும் முறையைத் தமிழில் பயன்படுத்துபவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். யூனிகோடு குறியீட்டுக்கு ஒன்றாகக் காட்டினால் 'தாத்தா' என்ற சொல் த, தா, தாத, தாத், தாத்த, தாத்தா என்று புள்ளியும் காலும் பின்னால் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதாகத் தெரியும். கலகலப்பான காட்சியில் இது கண்ணில் படாது. ஒருவர் மெதுவாக, தயங்கித் தயங்கிப் பேசும் காட்சியில் எழுத்து துள்ளுவதாகத் தெரிந்து கனத்தைக் கலைத்துவிடும். முழு எழுத்தை, அதாவது மெய்யும் அதன் குறியும் சேர்ந்ததை, ஓர் அலகாக எடுத்துக் காட்டும்படி நிரலை மாற்றுங்கள். கனமான காட்சிகளில் சொல் சொல்லாகக் காட்டுவது இன்னும் நல்லது.

10. வட்டார வழக்கைச் சிரிப்புக்கு மட்டும் ஒதுக்காதீர்கள்

என்னை மிகவும் வருத்தும் பிழை இது. மாணவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சை வேடிக்கைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, துயரக் காட்சி வந்ததும் எல்லோரையும் எழுத்துத் தமிழில் பேசவைத்துவிடுகிறார்கள். அப்பாயி காலையில் "எங்கடா போன இந்நேரத்துல" என்று கேட்டுவிட்டு, மாலையில் "என் வாழ்வே இருண்டுவிட்டது" என்றால், மாலையில் பேசுவது வேறு யாரோ.

ஊர்ப் பேச்சே சிரிப்புக்குரியது என்ற எண்ணம் நம்மையறியாமல் நமக்குள் இருப்பதால்தான் இப்படி நேர்கிறது. மிகக் கனமான வரியை மிக வழக்கமான பேச்சில் எழுதிப் பாருங்கள். தாத்தாவைத் தோண்டி எடுத்த பிறகு அப்பாயி சொல்வது, "கால்ல செருப்பு இல்லாம கெடக்குறாரு" என்பது மட்டும்தான்.

11. ஒலி

இங்கே சொல்ல அதிகம் இல்லை. வேடிக்கைக் காட்சியின் இசையைத் துயரக் காட்சி தொடங்கும்போது வெட்டாமல் அதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். இசை நிற்பதை உணர்ந்து, ஏன் என்று தெரியாமல் நடக்கும் அந்தச் சில நொடிகள் வேலை செய்யும். துயரக் காட்சிக்கு இசையே இல்லாமல் ஒரு முறை விளையாடிப் பார்த்துவிட்டு, பிறகு தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

12. விளையாடக் கொடுத்துப் பாருங்கள்

சொல்லிவைத்த மூவரில் முதல் நபருக்கு எடை 3, 4 காட்சிகளை மட்டும் தனியாகக் கொடுங்கள். அவை தம் காலில் நிற்கின்றனவா என்று தெரிய வேண்டும். வேடிக்கைக் காட்சிகளின் துணையில்லாமல் அவை வெறும் புலம்பலாகத் தெரிந்தால், முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். மற்ற இருவருக்கு முழுக் கேமையும் கொடுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் முழுக் கேமை ஒருமுறை விளையாடியவரிடம் பிறகு துண்டுகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்பதில் பயனில்லை.

பின்னால் உட்காருங்கள், ஒன்றும் விளக்காதீர்கள். எங்கே சிரித்தார், எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார், எங்கே வசனத்தைப் படிக்காமல் தட்டிக்கொண்டே போனார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தட்டிக்கொண்டே போன இடம் துயரக் காட்சி என்றால் நீளத்தைக் குறைக்க வேண்டும். வேடிக்கைக் காட்சி என்றால் பெரும்பாலும் அது தவறான எடையின் பக்கத்தில் இருக்கிறது, காட்சியைத் திருத்தும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். விளையாடி முடித்தவரிடம் 'பிடித்திருந்ததா' என்று கேட்காமல், எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள்.

கேமின் தொடக்கத்திலேயே அதில் என்ன வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் இந்தப் படியில்தான் எனக்குப் புரிந்தது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, புயல் காட்சியில் காற்றின் ஒலி எழுந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த ஒலியை நான் பல வாரம் உழைத்துச் செய்திருந்தேன். அதை ஓர் இரவு முழுவதும் உண்மையாகவே கேட்டவர் எதிரில் உட்காரக்கூடும் என்று நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இப்போது முதல் திரையிலேயே புயலும் மரணமும் வரும் என்று எழுதியிருக்கிறது; காற்றின் ஒலியை மட்டும் தனியாகக் குறைக்க ஓர் அமைப்பும் இருக்கிறது. தொனியைக் கட்டுப்படுத்தும் உரிமையில் ஒரு பங்கை விளையாடுபவருக்குக் கொடுப்பதால் கதை நீர்த்துப்போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவியே கேட்டு வாங்கி, காற்றின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, கருமாதி வரை விளையாடி முடித்தார். அரிசிப் பானை வந்த இடத்தில் சிரித்தார். நான் பின்னால் உட்கார்ந்து அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.